புளி போட்டுத் தேய்த்த ராஜா

மார்ச் 14, வெள்ளி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நான் போகும் மாலை நேர நாணயவியல் வகுப்பில், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்த பழைய ஸ்பெயின் தங்கக் காசை, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்றால் கை தானாகத் தேய்க்கிறது. ராஜாவின் முகம் அழுக்குத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

எழுத்துகள் இருந்தன. முகம் மட்டும் இல்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று அக்கா செண்பகவடிவிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் வெளக்கிருக்க" என்றாள்.

சற்று நேரத்தில் காசிலிருந்து ஒருவர் இறங்கினார். ஆள் உயரத்துக்கு வர அவர் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. அதற்காக அடுக்களை நீண்டு கொடுத்தது. காசுக்குள் இருக்கும் ஊரில் நாணயத்துக்கு அச்சு வெட்டுபவராம். அக்கா மோர் கொடுத்தாள்.

"ராஜா மொகம் எங்கம்மா?"

"புளித்தண்ணில போயிட்டு, அண்ணாச்சி."

"ராஜா போன மாசமே போயாச்சு. படை வந்துச்சு, ஓடிட்டாரு. அது ஒண்ணுமில்ல. காசுல மொகம் இருந்துச்சு, ரொட்டி குடுத்தாவ. இப்ப கடைய அடைச்சுட்டாவ. எம்மவ காலைலேர்ந்து பட்டினி."

வேறு முகம் வெட்டலாமா என்று கேட்டேன். அதற்குத்தான் வந்ததாகச் சொன்னார். அடுத்த ராஜா யார் என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

"அப்ப இவள வெட்டுங்க" என்றாள் அக்கா. "சும்மாதான நிக்கா."

"எம் மூஞ்சி ராஜா மூஞ்சியாவா இருக்கு?" என்றேன்.

"பக்கவாட்டுல பாத்தா எல்லாரும் ராஜாதாம்மா. அசையாதீங்க."

"மூக்கக் கொஞ்சம் கூட்டி வைங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"இருக்கறதுதான் வரும்."

வெட்டினார். வலிக்கவில்லை. இடது கன்னம் மட்டும் குளிர்ந்தது. பிறகு அவர் வந்த வழியே நடந்து சிறுத்துப்போனார். அடுக்களையும் பழைய அளவுக்கு வந்தது.

காசைக் காதில் வைத்துக் கேட்டேன். கடைக் கதவு திறந்தது. ஒரு சிறுமி ரொட்டியை மெல்லும் சத்தம் வந்தது. நிம்மதியாக இருந்தது.

அப்போது உள்ளே ஒரு பெண் கத்தினாள். "புது ராணி வந்ததும் வராததுமா ரொட்டி வெல ஏறிட்டு!"

"வெளங்குவாளா அவ?" என்றாள் இன்னொருத்தி.

"நான் ஏத்தலக்கா" என்று அக்காவிடம் சொன்னேன்.

"ராணி நீதானட்டி. எங்கிட்ட ஏன் சொல்லுத?"

அவள் சொல்வது சரியென்றே பட்டது. ஆனால் எனக்கு உத்தரவு போட்டுப் பழக்கமில்லை. பேருந்தில் என் நிறுத்தம் வந்தால்கூட இறங்கணும் என்று சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

நாளை காலை, வேலைக்குக் கிளம்புமுன், ரொட்டி விலையைக் குறைக்க வேண்டும்.