மேடேறிய பந்து

பத்துப் பந்துகளையும் அவள் ஒரே இடத்திலிருந்துதான் உருட்டிவிட்டாள். பத்தும் சுவரோரப் பள்ளத்துக்குப் போயிருக்க வேண்டும். லேசர் லெவல் வைத்து மட்டம் பார்த்து, ஜல்லியும் கல் தூளும் பரப்பி, விரற்கடை பிசகாமல் அப்படித்தான் வாட்டம் கொடுத்திருந்தாள். பந்துகள் பாதி தூரம் போனதும் தயங்கின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, மேடேறி, தண்ணீர்க் குழாய் இருந்த மூலைக்குப் போய் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். செயற்கைப் புல் போடும் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம். ஒரு பணக்காரர் வீட்டுக் கொல்லையில் கோல்ஃப் பந்து தட்டிப் பழக ஒரு பச்சைத் திடல். அவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை இதுதான். வேலை திருப்தி என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். போடாவிட்டால் பழையபடி ஆபீஸில் எவனோ வரைந்த படத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

மண் இறுக்கும் மெஷினை ஓட்டுவது அவள் அப்பா. வீட்டில் "கழுதை" என்று கூப்பிடுகிற மனுஷன் சைட்டுக்கு வந்தால் "மேடம்" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்பா, அந்த மூலையில ஒழுங்கா மெஷின் விட்டியா?"

"விட்டேன் மேடம்."

"இன்னொரு தடவை மேடம்னு சொல்லிப் பாரு, வேலையப் போட்டுட்டு ஓடிருவேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அப்பா வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சார்தான் அங்க மட்டும் மெதுவா விடச் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்ஜினியர் கேக்காம நாமளா பேசக் கூடாதில்ல."

இருபத்தைந்து வருஷம் கண்ட கண்ட இன்ஜினியர்களிடம் வசவு வாங்கிக் கற்ற மரியாதை. அதைப் பெற்ற மகளிடமும் காட்டியிருக்கிறார். அவள் பல்லைக் கடித்தாள்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. மெஷினை நிறுத்தின பிறகும் அங்க அதிருது."

வீட்டுக்காரர் மட்டையைச் சுழற்றிக்கொண்டே வந்தார். பந்துகள் நின்ற இடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. பந்து எங்க போகுதோ அங்கயே குழியப் போடுப்பா," என்றார் அப்பாவிடம்.

"கீழ என்ன சார் இருக்கு?" என்றாள் அவள்.

"பழைய கிணறு. மூடி முப்பது வருஷமாச்சு."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"மூடினதை எதுக்கும்மா சொல்லணும்? மூடுறப்போ கரை சரிஞ்சு ஒருத்தி உள்ள போயிட்டா. மண்ணு சுமக்க வந்தவ, சின்னப் பொண்ணு. அவ அப்பன்கிட்ட அப்பவே பேசி முடிச்சாச்சு." சுவருக்கு வெள்ளையடித்த கதையைச் சொல்கிற குரல்.

"அவளை வெளிய எடுத்தீங்களா?"

"அதுக்குள்ள முக்காவாசி மூடியாச்சே," என்றார்.

அவள் திரும்பினாள். அப்பா அதற்குள் மூலையில் மண்டியிட்டுக் குழி வெட்டும் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். முதலாளி வாயிலிருந்து வார்த்தை விழுந்தால் கை தானாகக் கிளம்பிவிடும். அப்படியே பழகிய உடம்பு.

வெட்ட வேண்டிய ஆழம் ஒரு சாண்கூட இல்லை. கருவி கைப்பிடிவரை தானே இறங்கியது. காற்றே இல்லை. ஆனால் வீட்டைப் பார்த்து அவள் சீவிவிட்டிருந்த புல்லெல்லாம் மெல்லக் குழியின் பக்கம் சாய்ந்தது. புல்லிடுக்கில் தூவிய மணல் ஊர்ந்து ஊர்ந்து குழிக்குள் இறங்கியது. மெஷின் வாசலோரம் அணைந்து கிடந்தது. இருந்தும் குழாயடிப் பக்கெட்டுத் தண்ணீரில் வளையம் வளையமாக எழும்பிக்கொண்டே இருந்தது.

"அப்பா, எந்திரி!"

அவர் இன்னும் குனிந்து குழியில் காதை வைத்தார்.

"அப்பா!"

அவர் கையை உள்ளே விட்டார். முழங்கை போயிற்று. தோளும் போயிற்று. கன்னம் புல்லில் அழுந்த, விழுந்தவரைத் தூக்கிவிடப் போகிறவராக இன்னும் எட்டினார். அவருக்குக் கீழே தரை ஒரு அங்குலம் தணிந்தது.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாழ்நாளில் அவரை எப்படிக் கூப்பிட மாட்டேன் என்றிருந்தாளோ அப்படிக் கூப்பிட்டாள்.

"யோவ் ஆப்பரேட்டர்! வேலைய நிறுத்துய்யா!"

"சரி மேடம்," என்று அவர் எழுந்துவிட்டார்.

தோள்வரை ஈரச்சேறு. சட்டையைப் பிடித்துத் தரதரவென்று சிமெண்டுத் தரைக்கு இழுத்து வந்தாள். பின்னால் பத்துப் பந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழியில் விழுந்தன. ஒன்றுகூட அடியில் தட்டிய சத்தம் கேட்கவில்லை.

"பாதியில விட்டுட்டு எங்க போறே? உன் கம்பெனிக்கு ஃபோன் போடுவேன்!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"போடுங்க சார். போலீசுக்கு மட்டும் நீங்க போட வேண்டாம், நான் நேராவே போறேன்."

கையெழுத்துப் போட வேண்டிய தாளை அங்கேயே கிழித்துப் போட்டாள். அப்பாவை வேனில் ஏற்றி, காவல் நிலையத்துப் பாதையில் திருப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேனே, காது அடைச்சிருச்சா?"

"ரெண்டு தடவையா?" அப்பா சேற்றுக் கையைத் துடைக்காமல் மடியில் வைத்திருந்தார். "ரொம்ப நேரமா அப்பா அப்பான்னு கேட்டுச்சு. அதுல எது நீன்னு தெரியல."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"என் விரல் பட்டதும் அழுதிருச்சும்மா," என்றார் அப்பா. "ஏம்ப்பா இவ்வளவு நேரம்னு கேட்டுச்சு."