கடைசிப் பக்கத்து இரங்கல்கள்

பெர்மெத்துக்கு வேலை செய்தித்தாளை அளப்பது. படிப்பது இல்லை, அளப்பது. பிஷ்கெக்கில், லிஃப்ட் என்று ஒன்று இருந்தும் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பதினேழு வருடமாக அவள் அரசு நாளேட்டை மேசையில் விரித்து எஃகு ஸ்கேலை வைக்கிறாள். ரயில் பாதைக்கு இன்று எத்தனை சென்டிமீட்டர்? மலைச் சாலைக்கு எத்தனை? எந்தப் பக்கம்? படம் உண்டா? படத்தில் மண்வெட்டி பிடித்து நிற்பவர் துணை அமைச்சரா, அவருக்கும் மேலேயா? எல்லாம் மாதக் கடைசியில் ஒரு வரைபடம் ஆகும். கடன் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து, இந்த அரசாங்கம் எதை வாயால் மட்டும் சொல்கிறது, எதை மனதாலும் சொல்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் கணக்கு இதுவரை பொய்த்ததே இல்லை. பேச்சு இருக்கிற வரை திட்டத்துக்கு உயிர் உண்டு. பேச்சு நின்றால் திட்டம் செத்தது. இப்படி இருபத்து மூன்று திட்டங்கள் செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அடிக்கல் நாட்டுவதில் எங்கள் அரசாங்கங்களை யாரும் மிஞ்ச முடியாது. நாட்டிய கற்களை எல்லாம் ஒன்றாக அடுக்கியிருந்தாலே ஒரு அணை ஆகியிருக்கும்.

"அக்கா, நீங்க மறுபடி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கப் போனாலும் ஸ்கேலோடதான் போவீங்க" என்பாள் பக்கத்து மேசை ஜிபார்.

"போவேன். முதல் மாப்பிள்ளைய அளக்காமக் கட்டித்தானே அவன் மாஸ்கோவுல போய் உக்காந்துட்டான்?"

அளக்கக்கூடாத பக்கம் ஒன்று உண்டு. கடைசிப் பக்கம். தொலைந்த சான்றிதழ்களும், கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல்களும் வருகிற பக்கம். தகப்பனோ தாயோ போனால், கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பத்திரிகையில் இரங்கல் போடுவது எங்கள் வழக்கம். போடாவிட்டால் அந்த அலுவலகத்துக்கே மானம் போகும். "அது ஜனங்க காசு குடுத்துப் போடறது, அரசாங்கத்தோட குரல் இல்ல, விட்டுடு" என்று முதலாளி ஜெங்கிஷ் முதல் நாளே சொல்லியிருந்தார். பெர்மெத் அந்தப் பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களை விரிப்பாள். ஜெங்கிஷ் சொன்னது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம், பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் அவள் மகள் சீரினின் பெயர் வந்தது. ஆறு வயது, தட்டம்மை. அந்தக் கறுப்புக் கட்டத்தைக் கூட அவள் கை பழக்கத்தில் அளந்துவிட்டது. மூன்றரை சென்டிமீட்டர். அந்தக் கையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சீரினைப் புதைத்தது புருஷன் ஊரில், கோக்கெச்சூ பள்ளத்தாக்கில். அந்தக் குளிர்காலத்தில் தட்டம்மை எர்மேக், கூல்கியா, சீரின் என்று அந்த ஊரின் மூன்று குழந்தைகளைக் கொண்டுபோனது. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் நின்று அழுதவளிடம் கணவனின் அண்ணன் ஓரோஸ்பெக் வந்து சொன்னார்: "மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கோம் பெர்மெத். நம்ம பொண்ண ஆத்தோரமாப் பாத்து வச்சேன். தண்ணிச் சத்தம்னா அவளுக்கு உசுராச்சே." பெர்மெத்துக்கு அந்தக் கல்லறையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தண்ணீருக்குப் பக்கத்திலாவது இருக்கிறாளே என்று நினைத்து நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்வாள். வியாழக்கிழமை தோறும் மாவைக் கிள்ளி எண்ணெயில் பொரித்து, அந்த வாசம் போய்ச் சேரட்டும் என்று மகள் பெயரைச் சொல்வாள். செத்தவர்கள் வாசத்தைத்தான் சாப்பிடுகிறார்கள்.

கோக்கெச்சூவில் அணை கட்டப்போகிறார்கள் என்பது முப்பது வருடத்துப் பேச்சு. மூன்று முறை அடிக்கல். ஊர் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் அதைத் தொடாது. அதனால் ஊருக்கு யாரும் கடிதம் போடவில்லை. பழைய இடுகாடு கீழே, ஆற்றங்கரையில். செத்தவர்களுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

இரண்டு வருடத்துக்கு முன், இலையுதிர் காலத்தில், ஓரோஸ்பெக் போன் செய்தார்.

"பெர்மெத், நீ பேப்பர அளக்கறவ. ஒரே வார்த்தை சொல்லு. அணை வருதா, வரலையா?"

"ஏன் பெரியத்தான் திடீர்னு?"

"ஆளுங்க வந்து பாறையில செவப்புக் கோடு போட்டுட்டுப் போயிருக்கானுங்க. பள்ளத்தாக்கோட கீழ வாயில வெடிச் சத்தம்னு ஆட்டுக்காரனுங்க சொல்றானுங்க. அங்க போய்ப் பாக்கணும்னா மலையச் சுத்தி அடுத்த மாவட்டம் வழியா ரெண்டு நாள். சில பேர் எலும்பத் தோண்டி மேல கொண்டு போகலாங்கறான். முல்லா என்ன சொல்றார்னா, தண்ணி வர்றது நிச்சயம்னா தோண்டலாம், வெறும் வதந்திக்குத் தூங்கறவங்கள எழுப்பினா பாவம்ங்கறார். நிச்சயமா, இல்லையான்னு ஊரே உன் வாயத்தான் பாத்துட்டிருக்கு."

பெர்மெத் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஐந்து வருடத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் வருடம் கோக்கெச்சூ அணைக்கு ஆயிரத்து நூறு சென்டிமீட்டர், முதல் பக்கம், மண்வெட்டி. மறு வருடம் நானூறு. பிறகு எழுபது. கடைசிப் பதினான்கு மாதத்தில் பூஜ்ஜியம். ஒரு வரி கூட இல்லை. இதைவிடத் தெளிவாக எந்தத் திட்டமும் செத்ததில்லை. மகளைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்றதும் அவள் உடம்பே லேசானது.

"வராது பெரியத்தான். அரசாங்கம் மறந்தே போச்சு. பிள்ளைங்க தூங்கட்டும்" என்றாள்.

"அல்லாவுக்கு நன்றி. உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார் அவர்.

அதன் பிறகும் அவள் ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். ஆனால் வியாழக்கிழமைகளில் பொரிக்கும்போது ஏதோ சரியில்லை. எண்ணெய் வாசம் சமையலறையிலேயே நின்றது. ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை. திரைச்சீலையில், அவள் தலைமுடியில், காலையில் விரிக்கும் செய்தித்தாளில்கூட அந்த வாசம். அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள யாரும் இல்லாத மாதிரி. வேலை அதிகம், தூக்கம் போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்த மே மாதம் ஜிபாரின் அப்பா இறந்தார். அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து இரங்கல் போட்டார்கள். புதன்கிழமை காலையில் பேப்பர் வந்ததும் ஜெங்கிஷ் சொன்னார்: "பெர்மெத், நம்ம இரங்கல் வந்திருக்கான்னு பாத்துடு. நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்கணும்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவள் கடைசிப் பக்கத்தை விரித்தாள். இரங்கல் வந்திருந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்று:

'கோக்கெச்சூ அணைக் கட்டுமான இயக்ககத்தின் மதகு பொருத்தும் பிரிவு ஊழியர்கள், தங்கள் பிரிவுத் தலைவரின் அருமைத் தாயார் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறார்கள்.'

இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து, பழைய பேப்பர் அடுக்கியிருக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் பத்தொன்பது கட்டங்கள் கிடைத்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் நில அளவைப் பிரிவில் ஒருவரின் தகப்பனார். அடுத்து துளையிடும் பிரிவு. லாரி ஓட்டுநர்கள். சமையற்கூடம், சமையற்கூடம் என்றால் சாப்பிட எத்தனை நூறு வாய் இருந்திருக்க வேண்டும்! காங்கிரீட் ஆலை. இரண்டாம் சுரங்கம். ஒவ்வொரு சாவுக்கும் அணை ஒரு படி உயர்ந்திருந்தது. முன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்ட அரசாங்கம், பின் பக்கத்தில் யாருடைய தாய் தகப்பன் சாவையோ மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் உளறியிருந்தது. வேலை நடக்கிற இடத்தில் பேச்சு எதற்கு? பேசினால் கரையில் இருக்கிறவன் நஷ்ட ஈடு கேட்பான். செத்தவர்கள் மூன்று வருடமாக அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்; அவள்தான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

கடைசியாக வந்தது மதகு. மதகு எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஓரோஸ்பெக்குக்குப் போன் போட்டாள்.

"பெரியத்தான், ஆத்துல தண்ணி எப்படி?"

"ஏறுது. மே மாசமாச்சே, பனி உருகுது. இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் தினம் காலைல கரையில ஒரு குச்சி நட்டுட்டு வர்றேன். நேத்து நட்டது இன்னைக்கு இல்ல."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளா. எல்லாருக்கும் பயம்தான். நான்தான் அதட்டி வச்சிருக்கேன். எங்க வீட்டுப் பொண்ணு பேப்பரை அளந்து சொல்லியிருக்கா, இது வெறும் வெள்ளம், வடிஞ்சுடும்னு."

"வடியாது பெரியத்தான். நான் தப்பா அளந்துட்டேன். மதகை மூடிட்டாங்க. தோண்டுங்க. இப்பவே போங்க, யாரையும் கேக்காதீங்க."

அந்தப் பக்கம் அவர் யாரையோ கத்திக் கூப்பிடுவதும், போன் கீழே விழுவதும் கேட்டது.

விடிந்ததும் ஷேர் டாக்ஸியில் கிளம்பினாள். மடியில் கைப்பை, பைக்குள் வழக்கம் போல ஸ்கேல். கணவாயைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலை நீட்டினார், வேண்டாம் என்றாள். டிரைவர் உற்சாகமாக, "கோக்கெச்சூவுல கடலு வருதாம், தெரியுமா அக்கா? இன்னும் ரெண்டு வருஷத்துல ஓட்டல் வரும், படகு வரும்" என்றான். அவளுக்கு அவன் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பெண்கள் வேலியோரம் நின்றார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கீழே, ஆறு இருந்த இடத்தில் சேற்று நிறத்தில் அசையாத தண்ணீர் கிடந்தது. மண் கும்மட்டக் கல்லறைகளில் ஐந்தாறு மட்டும் முதுகு காட்டிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. சீரினுக்குப் பிடித்த அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத் தண்ணீரே விழுங்கிவிட்டது.

அவள் சரிவில் இறங்கினாள். பெண்கள் போகக்கூடாத இடம். யாரும் தடுக்கவில்லை.

ஓரோஸ்பெக் இடுப்பு வரை சேறாக, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. அவர் உதடு குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. மடியில் வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த கம்பளி சுற்றிய ஒரு சின்னப் பொதி.

"நேத்து சாயங்காலத்துலேருந்து பாத்தோம்" என்றார். "மேடெல்லாம் கரைஞ்சு மண்ணோட மண்ணாக் கெடக்கு. நாமதான் இடிஞ்ச கல்லறையத் திரும்பக் கட்டறதில்லையே. தண்ணிக்குள்ள காலால தடவித் தடவித்தான்… கரை சரிஞ்சு போச்சு, மத்த ரெண்டு பேரையும் தொட முடியல. ஆனா நம்ம பொண்ணக் கொண்டாந்துட்டேன் பெர்மெத்."

"இவதானா பெரியத்தான்?"

"இவதான். நடுவுல இருந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நடுவுலதான் வச்சேன்."

பெர்மெத் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆற்றோரம் என்று பதினொரு வருடத்துக்கு முன்னால் அவளிடம் சொன்னது இதே வாய்தான். அவர் மறந்துவிட்டாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று அந்தக் கண்களில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அவள் கண்ணைப் பார்க்காமல், பொதியின் மேல் ஒட்டிய சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது எர்மேக் என்றால், அவனுக்கு ஏழு வயது. அவன் குடும்பம் ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருடம். சீரின் பள்ளியில் சேர்ந்த நாளில் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அந்த எண் அவளுக்கு மறக்கவே மறக்காது.

தோளில் பை தொங்கியது. ஸ்கேலின் முனை விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

அவள் பையைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். பொதி அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது, ஒரு மூட்டை ரொட்டி அளவுகூடக் கனம் இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நம்ம பொண்ணுதான் பெரியத்தான்" என்றாள். "எழுந்திரிங்க, குளிருது. இவளுக்கு மேல இடம் பாக்கணும்."

கிழவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மேட்டில் புதைத்த குழியின் தலைமாட்டுப் பலகையில் சீரின் என்றுதான் எழுதினார்கள். அடுத்த வியாழக்கிழமை பெர்மெத் பிஷ்கெக்கில் மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டாள். எர்மேக், கூல்கியா, சீரின் என்று மூன்று பெயரையும் சொன்னாள். வாசம் வெளியே போகிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். அது போகவில்லை.