உடனுக்குடன் தெரிய வேண்டும்

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லாவிட்டால் நீங்களே திறக்கும்போது மட்டும்... மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க இவ்வளவுதான் இந்தப் போன் காட்டுகிற வழிகள், எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்கிறது, அந்தப் பள்ளத்தில் ஒரு முழுப் பகலும் விழுந்துவிடலாம், விழுந்ததே, மூன்று வாரத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை. சிவயோகி ஹிரேமட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி மூக்குக்கு இறக்கினார், எழுத்து அப்படியேதான் இருந்தது. தார்வாடில் சுபாஷ் ரோட்டுச் சந்துக்குள் ஷாகீன் பானுவின் மொபைல் கடை, இரண்டு ஸ்டூல், ஒரு மின்விசிறி, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக உயிர் போன போன்கள். காலை பத்தரைக்கே வந்துவிட்டார். சர்வே ஆபீசில் முப்பத்துநான்கு வருஷம் நிலத்தை அளந்தவனுக்கு ஒரு மின்னஞ்சல் எப்போது வரும் என்று அளக்கத் தெரியவில்லை, இதைச் சொன்னால் ஷாகீன் சிரிப்பாள், சொல்ல வேண்டாம், யாருடைய மெயில் என்று கேட்பாள், அதையும் சொல்ல வேண்டாம்.

“சார், இந்தக் கம்பெனி மெயில் பழங்காலத்துது” என்று ஷாகீன் அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இவங்க உங்க வாசலுக்கு வந்து கதவத் தட்ட மாட்டாங்க. நீங்கதான் போயி வந்திருக்கான்னு எட்டிப் பாக்கணும். உங்களுக்குப் பதிலா போனு எட்டிப் பாக்குது, அதுவும் சார்ஜ் கொறஞ்சா தூங்கிடுது.” தூங்காமல் வைக்க முடியாதா என்று கேட்டார். “போனத் தூங்காம வைக்கலாம் சார், கம்பெனிய யாரு எழுப்பறது” என்றாள். தூங்கிவிட்டது, ஆமாம், அன்றைக்குப் போனும் தூங்கியது, அவரும் தூங்கினார். காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார், சோள ரொட்டியும் கத்திரிக்காயும் சாப்பிட்டார், பனியனோடு நாற்காலியில் சாய்ந்தார், போன் மேஜைமேல் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, நாலு நாற்பதுக்கு மணி பார்க்க எடுத்தபோது இருந்தது. அப்பா, சித்தியைப் பாக்க ஹுப்பள்ளி வந்திருக்கேன், மூணு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிடுவேன், பாக்கணும்னா ஒரு மணிக்குள்ள பதில் போடுங்க, இல்லேன்னா பரவாயில்ல, நீலா. அனுப்பிய நேரம் பதினொன்று ஏழு. ஏழு வருஷத்தில் முதல் மின்னஞ்சல். இருபது கிலோமீட்டர். ஜூபிலி சர்க்கிளில் பஸ் ஏறினால் முக்கால் மணியில் கேஷ்வாப்பூரில் சித்தி வாசலில் நிற்கலாம்... சித்தியாவது ஒரு போன் போட்டிருக்கலாம், போட மாட்டாள், தன் அக்கா, அவர் மனைவி சுமங்கலாவுக்கு மண் போட்ட நாளிலிருந்து அவளும் பேசுவதில்லை. நீலாவிடம் அவர் நம்பர் இருக்கிறது, அவள் கூப்பிட மாட்டாள், குரல் வேண்டாம் எழுத்து போதும் என்று வைத்துவிட்டாள், அதுவும் எப்போதாவது.

அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கஸ்தூரிபாய், மாவு மில் நடத்துகிறவள், உடைந்த திரையுள்ள போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். “அவருக்கு என்னடி அவசரம் ஷாகீன், மணியடிச்சாத்தான் சோறு எறங்குமா? என் போன்ல நாள் பூரா அடிக்குதே, அதுல பாதிய எடுத்து அவருக்குக் குடு, நானாவது நிம்மதியா இருப்பேன்.” ஷாகீன் சிரித்தாள், அவரும் சிரித்தார், சிரித்துவிடுவதுதான் எப்போதும் சுலபம், ஆபீசிலும் அப்படித்தான், யாராவது உண்மைக்குப் பக்கத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் முதல் ஆளாகச் சிரித்துவிடுவார்.

எந்தக் கம்பெனி மெயில் நல்லது என்று கேட்டார். ஷாகீன் விரல்விட்டுச் சொன்னாள், ஊர் முழுக்க வைத்திருப்பது ஒன்று, வந்த நொடியே அடிக்கும், ஆனால் கடைக்காரன் விளம்பரத்துக்கும் அடிக்கும், இன்னொன்று ரகசியத்துக்குப் பேர் போனது, மணி மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், மூன்றாவது ஆபீஸ்காரர்கள் வைத்திருப்பது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? “அஞ்சு நிமிஷம் சார், சில நேரம் பத்து. அதுக்குள்ள என்ன ஆகிடப் போகுது?” என்ன ஆகும் என்று இவளிடம் எப்படிச் சொல்வது... நொடியில் அடிக்கிறதே வேண்டும் என்றார். ஆனால் புதிய சேவை என்றால் புதிய முகவரி, நீலாவுக்குத் தெரிந்ததோ பழைய முகவரி. பழையதற்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட முடியாதா? முடியும், பழைய கம்பெனி விட்டால், விடவில்லை, ஷாகீன் கால் மணி நேரம் தேடினாள், அப்படி ஒரு பொத்தானே அதில் இல்லை. புதியது பழையதிடம் போய் எடுத்து வருமா? எடுத்து வரும், அதன் இஷ்டப்படி, ஒரு மணிக்கு ஒரு தடவையும் ஆகலாம். “சுத்தி சுத்தி அங்கதான் சார் வந்து நிக்கும். எழுதுறவங்க புது அட்ரஸுக்கு எழுதினாத்தான் ஒடனே அடிக்கும். அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, அவ்வளவுதானே.” அவ்வளவுதான். ஒரு வார்த்தை. மூன்று வாரத்தில் ஆறு மின்னஞ்சல் போட்டாயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை, ஏழாவதை மட்டும் திறந்து, ஓ அப்பாவுக்குப் புது முகவரியா என்று குறித்துக்கொள்வாளா... சரி, போடுங்க, புதியதே போடுங்க என்றார்.

பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. ஷாகீன் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீங்களே போடுங்க சார். நான் பாக்க மாட்டேன். யாருக்கும் சொல்லாதீங்க, பெத்த பிள்ளைக்குக்கூட.” பெருவிரல் நின்றது. நீலாவின் பாஸ்வேர்டை அவர்தான் போட்டார், பதினேழு வயதில், கல்லூரிப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டபோது ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர்தான் திறந்து கொடுத்தார், அவள் அவ்வா சுமங்கலாவின் பெயரும் அவள் பிறந்த வருஷமும், டைரியில் எழுதி வைத்தார், அவள் அதை மாற்றவே இல்லை. ஏன் மாற்றவில்லை? மறந்துவிடவில்லை, ஒருமுறை அவரே கேட்டதற்கு, எனக்கு மறந்தா நீங்க சொல்வீங்கல்ல அப்பா என்றாள். முதலில் காவல் என்றுதான் நினைத்துத் திறந்தார், பெண் பிள்ளை, யார் என்ன எழுதுகிறார்களோ, அப்புறம் பழக்கமாகிவிட்டது, மதியம் தேநீருக்குப் பின் பத்து நிமிடம், அவள் தோழிகளின் கேலி, பேராசிரியர்களின் திருத்தங்கள், விதைகளைப் பற்றி அவள் எழுதிய நீளநீளமான கேள்விகள், அவருக்குப் புரியாத ஒரு பெண் அங்கே இருந்தாள், வீட்டில் ரொட்டி தட்டுகிற பெண் இல்லை அவள், அவளைப் பார்க்கத்தான் போனாரோ... பிறகு நெதர்லாந்திலிருந்து வந்தது. இருபத்துமூன்று வயது அவளுக்கு. ஆராய்ச்சிக்கு இடம், உதவித்தொகை, நான்கு வருஷம், இரண்டு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சுமங்கலாவுக்கு அப்போதுதான் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்திருந்தது. அதுதான் காரணம், அதுதானே? அவள் ஐந்து மணிக்கு இண்டர்நெட் சென்டருக்குப் போவாள், அதுவரை நேரம் இருந்தது, அகராதி வைத்து மூன்று தடவை படித்தார், மூன்றே முக்காலுக்கு அழித்தார், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தார். பத்து நாள் கழித்து நினைவூட்டிக் கேட்டார்கள், அதையும்.

அதைக்கூட மறந்துவிடலாம், மறக்க முடியாதது அந்த மாலைகள், சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள், இன்னைக்கும் வரலப்பா. அவர் பேப்பரைத் தாழ்த்தாமல், வரும், இல்லேன்னா வேற எடம், விடு என்பார். எத்தனை மாலை? முப்பதா, நாற்பதா... சுமங்கலா உள்ளேயிருந்து கேட்பாள், என்னங்க, நம்ம புள்ளைக்கு என்ன கொற, ஏன் கூப்பிட மாட்டேங்கறாங்க. மூன்று வருஷம் கழித்துப் புணேயில் ஒரு கருத்தரங்கில் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட அம்மாளே நீலாவைப் பார்த்து, இரண்டு தடவை எழுதினோமே, ஏன் பதிலே போடவில்லை என்று கேட்டிருக்கிறாள். நீலா அன்று இரவு ரயிலேறி வந்தாள், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவங்க எனக்கு எழுதினாங்களாம்ப்பா என்றாள். எவங்க என்று கேட்டிருக்க வேண்டும். மெயில் என்று அவள் சொல்லவே இல்லை, எந்த மெயிலு என்று கேட்டுவிட்டார். அவள் சமையலறைக்குப் போய் அவ்வாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள், அடுத்த வாரம் போய்விட்டாள். அவ்வாவுக்கு மண் போட வந்தபோது குழியின் அந்தப் பக்கம் நின்றாள்.

“போட்டாச்சா சார்?” என்று ஷாகீன் திரும்பினாள். ஏதோ ஒரு ஊர்ப் பெயரும் நான்கு எண்களும் போட்டிருந்தார், என்ன போட்டோம் என்றே உறைக்கவில்லை, எழுதி வைக்கவும் மனமில்லை. அவள் தன் போனிலிருந்து ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பினாள், அவள் விரல் எடுப்பதற்குள் அவர் உள்ளங்கை அதிர்ந்தது, டிங் என்று ஒரு சத்தம். “பாத்தீங்களா? இனி குளிக்கப் போனாலும் வெளிய கேக்கும்.” கஸ்தூரிபாய் எட்டிப் பார்த்து, “அப்பாடா, பட்டாபிஷேகம் முடிஞ்சது, இனி என் போனத் தொடுவியா?” என்றாள். ஷாகீன் மூன்று நான்கு சத்தங்களைப் போட்டுக் காட்டினாள், புல்லாங்குழல், நீர்த்துளி, மரத்தில் தட்டுவது மாதிரி ஒன்று, பெரிய சத்தமாக எதையாவது வையுங்கள் என்றார், மேஜையில் கிடந்தாலும் உள் அறைக்குக் கேட்க வேண்டும்.

அவர் ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு எழுதத் தொடங்கினார். நீலா, இது என் புது முகவரி. இதில் வந்தால் உடனே தெரியும். அன்றைக்குப் போனில் கோளாறு, நீ அனுப்பியது ஐந்தரை மணி நேரம் எனக்குக் காட்டவே இல்லை... கை நின்றது. ஆறு மின்னஞ்சலிலும் இதே வரிதான், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு, சார்ஜ் இவ்வளவு சதவீதம் இருந்தது, பேட்டரி சேமிப்பு என்று ஒன்று இருக்கிறது, கம்பெனியின் சர்வர் பழையது. படிக்கிறவள் யார்? நெதர்லாந்து மின்னஞ்சலைப் படித்துவிட்டு மாலையில் பேப்பர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவள். அவள் கண்ணுக்கு இது எப்படிப் படும்? பதினொன்று எட்டுக்கே படித்துவிட்டார், படித்துவிட்டு ஒரு மணி தாண்டட்டும், மூன்று மணி தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தார், பிறகு சாவகாசமாகக் கோளாறு என்று எழுதுகிறார்... அப்படித்தான் படிப்பாள். ஒவ்வொரு விவரமும் அதை இன்னும் நிச்சயமாக்கியிருக்கும். இது ஏன் மூன்று வாரமாகத் தோன்றவே இல்லை? காது மடல் சூடாயிற்று. போன் உண்மையிலேயே தூங்கியது, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் பக்கம் உண்மை இருந்தது, அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை. கோளாறு வரிகளை எடுத்தார். மிஞ்சியது முகவரி மட்டும். அதன் கீழே அந்த இன்னொன்றை எழுதலாம், நான்தான் அழித்தேன் என்று, இரண்டு வார்த்தை, பதினைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது... கஸ்தூரிபாய் விலை பேசிக்கொண்டிருந்தாள், ஷாகீன் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தாள், இங்கே எப்படி எழுதுவது, வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம், இப்போதைக்கு முகவரி போகட்டும். அப்பா என்று கையெழுத்திட்டு அனுப்பினார். போய்விட்டது என்று காட்டியது, அதுவும் உடனே.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஜூபிலி சர்க்கிள் நிறுத்தத்தில் நின்றார், வீட்டுக்குப் போக வேண்டிய பஸ் எதிர்ப்பக்கம் வரும், இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார், ஹுப்பள்ளி பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, போயிற்று. இதிலேயே ஏறியிருப்பேன், பதினொன்று எட்டுக்கு மணி அடித்திருந்தால் இதிலேயே ஏறியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தார். போன் அடிக்கிறது, எடுக்கிறேன், படிக்கிறேன், மறுபடி படிக்கிறேன், சட்டை மாட்ட எழுந்திருக்கிறேன்... எழுந்திருக்கிறேனா? நாற்காலிதான் தெரிகிறது. வந்ததும் அவள் என்ன கேட்பாள், ஏன்பா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால், சித்தி வேறு பக்கத்தில் இருப்பாள், சிரித்துச் சமாளிக்க முடியாது. பன்னிரண்டு ஆகிறது, ரொட்டி ஆறுகிறது, சாப்பிட்டுவிட்டுப் பதில் போடலாம், ஒரு மணி ஆகிவிட்டதே, இனி போட்டு என்ன... எத்தனை தடவை முயன்றாலும் படலைத் திறந்து தெருவுக்கு வரும் சிவயோகியை அவரால் பார்க்க முடியவில்லை. அந்தப் போன் தூங்கியதில்... வேண்டாம். அடுத்த ஹுப்பள்ளி பஸ் வந்து நின்றது, நடத்துனர் படியிலிருந்து, “ஏறுறீங்களா சார், இல்ல சும்மா நிக்கிறீங்களா?” என்றான். சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அடித்தது. கடைக்காரன் விளம்பரமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கை பைப்பக்கம் போகவில்லை என்பதை அவர் கவனித்தார்.