எங்கும் போகாதவள்

கணக்கெடுக்க வந்த பெண் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, மாமியார் மருமகளின் துணிப்பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பையிலிருந்து நீல யூனிஃபார்ம் சட்டையின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பழைய துண்டை எடுத்துப் போட்டாள். மருமகள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

"பக்கத்து மூணு மாவட்டத்துக்கும் சேர்த்து ரோடு, பஸ் திட்டம் போடறாங்க சார். வீடெல்லாம் பெருகிப்போச்சு இல்லையா? யார் எங்க போறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எந்த பஸ் வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ணுவாங்க," என்றாள் வந்தவள். "குடும்பத் தலைவர் யாரு?"

"நான்தான்." நாற்காலியில் இருந்த கணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தினமும் எங்க போறீங்க?"

"டவுனுக்கு. பிசினஸ் விஷயமா. சொந்த வண்டி."

மனைவியின் சம்பளத்தில் வாங்கிய அந்த வண்டி தெருமுனைக் கடையைத் தாண்டி இரண்டு வருடம் ஆகிறது. அங்கே அவன் செய்யும் பிசினஸ், ஓசிப் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு நாட்டைத் திட்டுவது.

"அக்கா நீங்க?" தண்ணீர் கொண்டுவந்த மருமகளைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் நாற்காலியிலிருந்து வந்தது.

"அவ எங்கயும் போறதில்லை. வீட்டோட இருக்கா."

"எங்க குடும்பத்துல பொம்பளைங்களை வேலைக்கு அனுப்பற வழக்கமே கிடையாதும்மா," என்று மாமியார் சேர்த்துக்கொண்டாள்.

வந்தவளின் பார்வை மருமகளின் பாதங்களில் போய் நின்றது. செருப்பு வார் பதிந்த இடம் தவிர மீதியெல்லாம் புழுதி. ஆனால் தலைவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. சைபர் போட்டாள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள், அதுவும் விதி. மருமகள் புழுதிக் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆறு வருடப் பழக்கம்.

அந்தத் தெருவின் மானம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது. விடிந்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக, காய்கறி வாங்கப் போகிறவள்போலப் பையோடு கிளம்புவார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டாள். ஆறு பத்து பஸ் பாலத்தைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் வாய் திறக்கும். ஒருத்தி ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிறாள், ஒருத்தி மில்லில் நூல் சுற்றுகிறாள், ஒருத்தி விடுதியில் பாத்திரம் தேய்க்கிறாள். வீட்டு ஆண்களோ மூன்று வேளையும் அந்த உழைப்பைத் தின்றுவிட்டு, அதை வெளியே சொல்ல மட்டும் கூசுகிறார்கள். சாப்பிடும்போது வராத கூச்சம் சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறதோ!

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கண்டக்டர் சொன்னார்.

"ஒண்ணாம் தேதியிலிருந்து இந்த வண்டி கிடையாதுக்கா. உங்க பக்கம் ஏற ஆளே இல்லைன்னு சர்வேல வந்திருக்காம்."

"அப்ப என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கறது யாரு, பேயா?" என்றாள் மில்காரி. சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடுத்த நிறுத்தம்வரைகூட வரவில்லை. ஏழு மணி ஷிப்டுக்குப் போக வேறு வண்டி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை மருமகள் கணவனிடம் நேராகவே கேட்டாள்.

"என்னங்க, நாளைக்குப் பள்ளிக்கூட ஹால்ல பஸ் சர்வே கூட்டமாம். திருத்தம் சொல்ல அதுதான் கடைசி நாள். நான் வேலைக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"தெருவே அங்க இருக்கும். அப்புறம் என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"பஸ் போச்சுன்னா வேலை போச்சு."

"வேற வேலை பாரு."

"பக்கத்துல மட்டும் வேண்டாம்," என்றாள் மாமியார். "தெரிஞ்சவங்க பார்த்துத் தொலைப்பாங்க."

மறுநாள் ஹாலில் அதிகாரி பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார். சுற்றுச்சாலை, மேம்பாலம், இத்தனை ஆண்கள் சொந்த வண்டியில் போவதால் தெருமுனையில் வண்டி நிறுத்தம். பெண்கள் சிலர் பின்சுவரோரம் நின்றார்கள். ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தத் தெருவில் நாற்பது வீடு. தினமும் வெளியே போகிற பெண்கள் சைபர்," என்று படித்தார் அதிகாரி.

முன்வரிசை, பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோலப் பூரித்தது. தரகர் ஒருவர் கையே தட்டினார்.

"அந்தச் சைபர்ல ஒண்ணு நான்தான் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் அவள் நீலச் சட்டையோடு நின்றாள். பட்டப்பகலில் தெரு முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்து வந்திருந்தாள்.

"தப்பு இருந்தா திருத்தலாம்மா," என்றார் அதிகாரி. "குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும்."

திருத்தத் தாளை வாங்கிக் கணவன் முன்னால் நீட்டினாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"மானத்தை வாங்காத. வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல நேத்தே பேசியாச்சு," என்று சொல்லிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், குடும்பத் தலைவர்னா யாரு?"

அதிகாரி சலிப்போடு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "யாருடைய வருமானத்துல குடும்பம் நடக்குதோ..." பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி பக்கத்தில் நின்றிருந்த, அன்று கணக்கெடுத்த பெண் கேட்காமலேயே ஒரு புதுப் படிவத்தை உருவிக் கொடுத்தாள். "நான் நாற்காலியில இருந்தவரை எழுதிட்டேன் அக்கா," என்று மெல்லச் சொன்னாள்.

மருமகள் நின்றபடியே எழுதினாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தினமும் போடும் அதே கையெழுத்தைப் போட்டாள். பிறகு விதிப்படி அந்தப் பெண் அதை உரக்கப் படித்தாள்.

"குடும்பத் தலைவி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தினமும் ஆறு பத்து பஸ். கணவர்..." ஒரு கணம் தயங்கி அவளைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள்.

"கணவர் எங்கும் போவதில்லை. வீட்டோடு இருக்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. பின்சுவரோரத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்து பேனாவுக்குக் கை நீட்டினாள். கைதட்டிய தரகரின் மனைவி அவள்.