குணாளனின் கடைவாய்ப் பல்

நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த காரியம் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று செல்வராணி எதிர்பார்க்கவில்லை.

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் டாக்டர் சுபத்திராவின் பல் கிளினிக்கில் கவுண்டரும் இன்சூரன்ஸ் வேலையும் அவள் பொறுப்பு. பக்கத்துத் தொழிற்சாலை ஆட்கள் கார்டைக் காட்டினால் போதும், செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். வீட்டாருக்கு மட்டும் அது கிடையாது. போன வருடம் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குணாளனின் மனைவி காளியம்மா கன்னம் வீங்கி அழுதுகொண்டு வந்தபோது செல்வராணிக்கு மனசு கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாமல், காளியம்மாவுக்குப் பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப் பல்லை இன்சூரன்ஸ் கணக்கில் குணாளன் பெயரில் ஏற்றிவிட்டாள். இதனால் யார் குடி முழுகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இன்று குணாளனே தாடையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கும் அதே பக்கம், அதே பல். வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். செல்வராணி இன்சூரன்ஸில் அனுமதி கேட்டாள். அந்தப் பல்லைத்தான் போன வருடமே பிடுங்கியாயிற்றே என்று பதில் வந்தது.

குணாளனை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். சிகிச்சைச் செலவைத் தானே தருவதாகச் சொல்ல வாயெடுத்தாள். மகளின் காலேஜ் கட்டணம் நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டாள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள், அதுவும் அவன் தடுப்பான் என்ற நம்பிக்கையில்.

அவன் தடுத்தான்.

"வேணாங்க்கா. சொன்னா உங்க வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும். ரெக்கார்டுல எடுத்ததாதான இருக்கு? எடுத்துரட்டும் லா. பல்லு புடுங்குற காசு எங்கிட்ட இருக்கு."

அவன் உள்ளே போனான். பல் நல்ல பல் என்று டாக்டர் எடுத்துச் சொல்வதும், வலி தாங்கவில்லை, பிடுங்கிவிடுங்கள் என்று அவன் பிடிவாதம் பிடிப்பதும் வெளியே கேட்டது. செல்வராணி எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குணாளன் வாயில் பஞ்சைக் கடித்தபடி வந்தான். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"இன்னும் இருபது வருஷம் இருக்க வேண்டிய பல்லு. நீயாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே, ராணி?"

"சொன்னேன் டாக்டர். அவருதான் கேக்கல."

குணாளன் அவளைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான்.