சனிக்கிழமை மேல ஒரு திமிங்கலம்

ஆறரை மணிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டிய பிள்ளையைப் பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான் அந்த மனுஷன். நீச்சல் குளத்துல ஒரு ஈ காக்கா இல்லையாம். தரையைக் கழுவிட்டிருந்த ஆள்தான் "தேர்வு எட்டு மணிக்கே முடிஞ்சு போச்சே"ன்னு சொல்லியிருக்கார். இதை என் பொண்ணு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே சொல்றா, பஸ் லேட்டாயிடுச்சுன்னு சொல்ற மாதிரி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு.

வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற தேர்வு அது. ஸ்கூல் ஜூனியர் டீம்ல மொத்தமே நாலு இடம். மூணு வருஷமா இவ அதுக்காகத் தவம் கிடக்கறா. குளிக்கப் போனா பக்கெட்டுக்குள்ள முகத்தை வெச்சு மூச்சை எண்ணிப் பழகற பிள்ளை. கோச் போன மாசம் என்னைத் தனியா கூப்பிட்டு, "இவளுக்கு ஓர் இடம் இருக்குன்னே வெச்சுக்குங்க, நேரத்துக்கு வந்தா போதும்"னார். நேரத்துக்கு வந்தா போதுமாம்! எங்க குடும்பத்துல நடக்காத ஒரே விஷயத்தைக் கேட்டார் அவர்.

எங்க குடும்பம்னு சொன்னேன் இல்ல, அது ரெண்டு வீடு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பொண்ணு என்கிட்ட. வெள்ளி சாயங்காலம் ஸ்கூல்ல இருந்தே அவ அப்பா கூட்டிட்டுப் போயிடுவான், ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து கீழ கேட்டுக்கிட்ட இறக்கி விடுவான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல எவன் எந்த மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாலும் இவன் ஓடணும். நான் பல் செட் செய்யற லேப்ல இருக்கேன். டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க, அதுக்கு அளவா பல்லு செஞ்சு தேய்ச்சு பாலிஷ் போட்டு அனுப்பறது என் வேலை. சனிக்கிழமையும் உண்டு. அதனாலதான் தேர்வுக்கு நான் போக முடியல, அவனை நம்பினேன். கூடவே வாழ்ந்தப்ப அவனை 'நீங்க'ன்னு கூப்பிட்டேன், பிரிஞ்சப்புறம் 'நீ'. எனக்கு அந்த விவாகரத்துக் கோர்ட்ல கிடைச்ச ஒரே லாபம் அதுதான்.

"ஏன்டி, உங்கப்பனுக்கு ஆறரைக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"நான்தான்மா அப்பாகிட்ட பத்துன்னு சொன்னேன். எப்பவும் சனிக்கிழமை பிராக்டிஸ் பத்துக்குத்தானே. அப்படியே நினைச்சுட்டேன்."

"நினைச்சுட்டியா? பிளானர்ல பெரிசா எழுதி வெச்சேனே, அது என்ன பூஜை பண்ணவா?"

அவ பையைத் தோள்ல இருந்து இறக்கவே இல்ல.

அந்தப் பிளானர் கதையைச் சொல்லணும். என் பொண்ணுக்கு மறதி. சும்மா மறதி இல்ல, கழுத்துல தலை ஒட்டியிருக்கறதால அதை மட்டும் மறக்காம கொண்டு வர்ற மறதி. கணக்கு நோட்டு அங்க, காம்பஸ் பாக்ஸ் இங்க. ஒரு ஷூ இந்த வீட்ல, ஜோடி அந்த வீட்ல. மிஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டினாங்க, நான் தலையைக் குனிஞ்சு குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். அப்பதான் எங்க லேப் சூப்பர்வைசரம்மா, அவங்க பையனுக்கு ஒரு பிளானர் வாங்கிக் குடுத்ததுல இருந்து எல்லாம் ஒழுங்காயிடுச்சுன்னாங்க. சரின்னு தேடி அலைஞ்சு வாங்கினேன். பூப்போட்ட கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு வாரம், ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பு எழுத ஒரு கட்டம், கூடவே ஸ்டிக்கர் ஷீட் ஆறு, ஜிகினா வெச்ச கலர் டேப் நாலு ரோல். ஒரு லீவு நாள் முழுக்க உக்காந்து ரெண்டு பேரும் கோடு போட்டோம். அம்மா வீட்டு நாளுக்கு ஆரஞ்சு, அப்பா வீட்டு நாளுக்குப் பச்சை. அவ்வளவு அழகா இருந்துச்சு, நானே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மிஸ் பார்த்துக் கையெழுத்துப் போடறதா ஏற்பாடு.

அதே குறிப்புக் கட்டத்துல அவ அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதி அனுப்பிடுவேன். போன்ல பேசினா ரெண்டாவது வாக்கியத்துலயே சண்டை வந்துடுது, எழுதினா வராதேன்னு ஒரு நினைப்பு.

"எடு அதை"ன்னேன். எடுத்துக் குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டா.

திறந்து பார்த்தா, சனிக்கிழமை கட்டத்துல ஒரு திமிங்கலம். நீலக் கலர்ல, கண்ணு மின்ன, தலையில தண்ணி பீச்சிக்கிட்டு, கட்டம் முழுக்க ஒரு ஸ்டிக்கர். அதுக்கு மேல ஜிகினா டேப் வேற. நான் எழுதினதுல ஒரு எழுத்து வெளிய தெரியல.

அப்ப வந்த கோபம் இருக்கே, அதை நான் வாயால சொல்ல முடியாது. அறிவுகெட்ட கழுதை! ஒழுங்கா இருடின்னு வாங்கிக் குடுத்தா, அதுக்குச் சிங்காரிச்சு அழகு பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. மூணு வருஷக் கனவை ஒரு திமிங்கலத்தை ஒட்டி மூடிட்டாளே! பாத்ரூம் கதவைத் தட்டி வெளிய இழுத்து ரெண்டு வைக்கணும் போல இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஆதாரத்தோட கேப்போம்னு நினைச்சேன். பல்லுல மெழுகு சுரண்டற சின்னக் கத்தி என் பையில எப்பவும் கிடக்கும். அதை எடுத்து, காகிதம் கிழியாம, ஓரத்துல இருந்து மெல்லப் பிரிச்சேன்.

என் கையெழுத்துதான். "சனி காலை 6.30 நீச்சல் தேர்வு. ஒரு நாளாவது பொறுப்பான அப்பனா நடந்துக்க. எப்பவும் போலத் தூங்கி வழிஞ்சு பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துடாத."

நான் எழுதினதுதான். எழுதும்போது அவ்வளவு நல்லா இருந்துச்சு, நறுக்குன்னு கேட்டுட்டோம்னு. வெள்ளிக்கிழமை மிஸ் கையெழுத்துப் போடற பக்கத்துல, அதுக்கு முன்னாடி என் பொண்ணு உக்காந்து படிக்கற பக்கத்துல அது இருந்திருக்கு.

முந்தின பக்கத்தைத் திருப்பினேன். ஒரு ஆமை. அதைப் பிரிச்சா அவன் கையெழுத்து: "கணக்கு நோட்டு உன் வீட்லதான் இருக்கு. ஊரான் பல்லைத் தேய்ச்சது போதும், கொஞ்சம் பெத்த பிள்ளையையும் பாரு." ஒரு வானவில்லுக்குக் கீழ நான்: "ஒத்தை ஷூ வந்திருக்கு. இன்னொண்ணை லிஃப்ட்ல ஏத்தி அனுப்பறியா?" ஒரு கப் கேக்குக்குக் கீழ அவன்: "பிள்ளைக்கு ஜுரம்னா மருந்தையும் அனுப்பணும். அம்மான்னு சொல்லிக்கிட்டா மட்டும் போதாது." சண்டை இல்லாத கட்டத்துல ஒரு ஸ்டிக்கர் கிடையாது. என் பொண்ணு அழகுக்காக ஒண்ணே ஒண்ணு கூட ஒட்டல.

ஏழு மாசமா பேசாம இருந்த அவனுக்கு அன்னிக்கு ராத்திரியே போன் போட்டேன். "நாளைக்கு வேலை முடிஞ்சதும் இங்க வா"ன்னேன். எதுக்குன்னான். "வான்னா வா, எல்லாத்துக்கும் ஒரு வியாக்கியானம் வேணுமா உனக்கு"ன்னு வெச்சுட்டேன்.

திங்கக்கிழமை நாலு மணிக்கு யூனிஃபார்மோட வந்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ். சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி உக்கார வெச்சேன். பொண்ணு ஸ்கூல்ல இருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. பிளானரை முன்னால போட்டேன். அவன் ஒவ்வொண்ணா படிச்சான். பாவி, படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்துப் போச்சு. எனக்கும் மனசு இளகத்தான் செஞ்சுது, ஒரு நிமிஷம்.

"இந்தக் கருமத்தை நீதான் ஆரம்பிச்சே"ன்னான் அப்ப.

"யாரு, நானா? அந்தக் கணக்கு நோட்டைப் பாரு! தேதியைப் பாரு!"

"அதுக்கு முன்னாடி ஷூ இருக்கு. ஷூ உன்னுது."

"ஷூவுக்கு முன்னாடி இன்னும் நாலு ஸ்டிக்கர் இருக்கு. எடு கத்தியை. பார்த்துடுவோம் இன்னிக்கு!"

சொன்னா வெக்கக்கேடு. ரெண்டு பேரும் அந்த மேஜையில எதிரும் புதிருமா உக்காந்து, யார் முதல்ல ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்க, பத்து வயசுப் பிள்ளை ஒட்டின ஸ்டிக்கரையெல்லாம் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். மீன், நட்சத்திரம், நாய்க்குட்டின்னு மேஜை முழுக்கக் குவிஞ்சு கிடந்துச்சு. என் முழங்கையில ஒரு பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது கூட எனக்குத் தெரியல. அவன் குரல் எகிறுது, என் குரல் அதுக்கு மேல எகிறுது. கதவு திறந்த சத்தம் ரெண்டு பேர் காதுலயும் விழல.

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

பொண்ணு வாசல்ல நின்னா. அவ இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. எங்க ரெண்டு பேர் சத்தத்தையும் சேர்த்தா எவ்வளவோ, அவ்வளவு சத்தம் அந்தப் பொடிசு தொண்டையில இருந்து வந்துச்சு.

"வெள்ளிக்கிழமை மிஸ் பார்ப்பாங்க! இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் குடுப்பேன்? ரிசஸ் நேரத்துல சாப்பிடாம உக்காந்து ஒட்டறேன், தெரியுமா உங்களுக்கு? ஒரு தடவை ஒட்ட மறந்துட்டேன். மிஸ் படிச்சுட்டு என்னைப் பார்த்தாங்களே ஒரு பார்வை! எல்லாத்தையும் மறக்கறேன் மறக்கறேன்னு சொல்றீங்களே, அதை மட்டும் நான் மறக்கவே இல்ல!"

அவன் எழுந்து, "பொடிசு, இங்க வாடா"ன்னான். அவ வரல.

"சரிம்மா, விடு. நாங்க நாளைக்கே கோச்சைப் போய்ப் பார்க்கறோம்"னேன் நான். "காலைப் பிடிச்சாவது கேக்கறோம். அப்பாவும் வருவார்."

"வேணாம். நான் கேட்டுட்டேன்."

"என்ன கேட்டே?"

"இன்னிக்கு லஞ்ச் பிரேக்ல கோச் ரூமுக்குப் போனேன். நேரம் மாத்திச் சொன்னது என் தப்புதான், இன்னொரு தடவை நேரம் பாருங்கன்னு கேட்டேன். புதன்கிழமை ஆறரைக்கு வரச் சொன்னார். எதிர் பிளாக் நர்ஸ் ஆன்ட்டி அவங்க பொண்ணைக் காலைல பிராக்டிஸுக்குக் கூட்டிட்டுப் போவாங்க இல்ல, அவங்க கார்ல நானும் போறேன். கேட்டுட்டேன். ஆறு மணிக்குக் கீழ நிக்கணும்."

"இதையெல்லாம் எங்கடி எழுதி வெச்சிருக்கே?"ன்னு கேட்டேன். கேக்கற கேள்வியைப் பாருங்க, என் வாய் இருக்கே.

"எங்கயும் எழுதல. அதான் ஞாபகம் இருக்கு."

புதன்கிழமை நான் அரை நாள் லீவு போடறேன்னு சொன்னேன். அவன் வண்டியை எடுத்துட்டு வரேன்னான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். அவ எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

"யாரும் வராதீங்க. நீங்க வந்தா எனக்கு மூச்சை எண்ண வராது"ன்னுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

அவன் வாட்ச்சைப் பார்த்துட்டு, எவனோ மூணாவது மாடியில மாட்டிக்கிட்டான்னு கிளம்பிப் போனான். எனக்கு அவன் மேல கோபம் வரணும், வரல. யார் மேல வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

புதன்கிழமை அஞ்சரைக்கே அவ எழுந்துட்டா. துண்டு, கண்ணாடி, தொப்பி, மாத்து டிரஸ்னு எதையும் விடல. நான் சமையல்கட்டு வாசல்ல நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தேன். அதை எடுத்தியா இதை எடுத்தியான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கினேன். ஆறு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே இறங்கிப் போனா. லேப்ல அன்னிக்கு ஒரு கடைவாய்ப் பல்லை அளவுக்கு மேல தேய்ச்சுப் பாழ் பண்ணி, சூப்பர்வைசரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

பத்தரை மணிக்குப் போன் வந்துச்சு. பொண்ணுதான்னு ஓடிப் போய் எடுத்தா, நர்ஸ். "சனிக்கிழமை நீந்தினவங்களோட நேரத்தையும் சேர்த்துப் பார்த்தா உங்க பொண்ணு ரெண்டாவது, டீம்ல எடுத்துட்டாங்க!"ன்னு அவங்க சந்தோஷமா சொல்றாங்க. நான் அவங்களுக்கு நன்றி சொன்னேன். என் பொண்ணு ஜெயிச்சதை ஊரார் வாயால கேட்டு நன்றி சொன்னேன்.

சாயங்காலம் ஒரு ஃபாரத்தை மேஜையில வெச்சா. டீம்ல சேர்றதுக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். பேர், வயசு, ரத்த வகை எல்லாம் அவளே நிரப்பியிருந்தா, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. 'அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்'னு இருந்த இடத்துல நர்ஸோட போன் நம்பர். அதுக்குக் கீழ நாலு வரி காலியா இருந்துச்சு, பெற்றோர் ஏதாவது சொல்ல விரும்பினா எழுதறதுக்கு. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்துச்சு. பேனாவைத் திறந்தேன்.

அவ அந்த நாலு வரி மேல உள்ளங்கையை வெச்சு மூடினா. இன்னொரு கை விரலால கையெழுத்துப் போடற இடத்தைக் காட்டினா.

"இங்க மட்டும் போடும்மா. வேற எதுவும் எழுதாத."

போட்டேன். நான் பேனாவை மூடி கீழ வைக்கற வரைக்கும் அவ கையை எடுக்கல.