ஃபர்ஹத் ஊரில் இல்லாத அன்று

மேலப்பாளையத்தில் ஒரு மௌத்து என்றால் தஸ்மியா அந்தச் சாவு வீட்டு வாசல் வரைக்கும்தான் போவாள். செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். "உனக்குக் கல்லு நெஞ்சுட்டி" என்று ஷார்ஜாவிலிருந்து போனில் கேலி செய்வான் அவள் புருஷன் ரசீத். கல்லெல்லாம் இல்லை, பயம்.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்தவள் ஃபர்ஹத். ஒத்த வயசு. நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். அவள் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த வட்டாரத்தில் இறந்துபோன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவளும் அவள்தான். "சும்மா துணைக்கு வாட்டி, வெளிய இரு போதும்" என்று தஸ்மியாவையும் கையைப் பிடித்து இழுத்துப்போவாள்.

முதலில் தஸ்மியா முற்றத்தோடு நின்றாள். பிறகு வெந்நீர் வாளியைக் கதவு வரை கொண்டுவந்து வைத்தாள். போன வருஷம் உள்ளே போய், சுவரைப் பார்த்தபடியே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். காதில் விழுந்ததெல்லாம் ஃபர்ஹத் மையித்தோடு பேசுகிற குரல்தான். "லாத்தா, கைய நீட்டிக்கிடுங்க... ஆங், அவ்வளவுதான்." காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது இருவரும் துணி விலையும் ஊர் வம்பும் பேசிக்கொண்டு நடப்பார்கள்.

அந்த ஐப்பசியில், தங்கச்சி பிரசவத்துக்கென்று ஃபர்ஹத் விக்கிரமசிங்கபுரம் போயிருந்தாள். ஆற்றில் வெள்ளம் ஏறி பஸ் நின்றுபோனது. அன்றைக்குப் பார்த்து அடுத்த தெரு ஆசியா உம்மாள் மௌத்தானாள். பிள்ளையில்லாத வயிறென்று ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் தஸ்மியாவைச் சொன்னவள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை.

ஆசியா உம்மாளின் மகள் சபீதா மழையில் நனைந்து வந்து நின்றாள். "ஃபர்ஹத் லாத்தாவுக்கு லைனே கிடைக்கல. வேற நம்பர் இருக்கா? உம்மாவுக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண்ணு. வாடைக்கு ஒருத்தரும் கிட்ட வர மாட்டேங்காங்க."

தஸ்மியா போனைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் அதைக் கீழே வைத்தாள்.

"வெந்நி போடச் சொல்லு. நான் வாரேன்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

அறைக்குள் போனதும் கண் சுவருக்குத்தான் போனது. சபீதா தண்ணீர் ஊற்ற, மூடிய துணிக்கு அடியில் கையை விட்டுக் கழுவினாள். முதுகுப்பக்கம் திருப்ப வேண்டிய நேரம் வந்தது. வாடை முகத்தில் அறைந்தது. ஓடிவிடலாம் என்று நினைத்த அந்தக் கணத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மாமி, பைய... பையத் திருப்புதேன். நோகாது."

குரல் அவளுடையது. அந்த நிதானம் அவளுடையது இல்லை. கை கழுத்துக்கு அடியில் பதமாகப் போனது. புண்ணை உரசாமல் தண்ணீரை வழியவிட்டது. இதையெல்லாம் அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லையே, சுவரைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள்! கை எங்கிருந்து கற்றது? மேனி சிலிர்த்தது. அந்தப் பழைய கோபத்தைக்கூட உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள், காணோம். தன்னைச் சொன்ன அந்த வாயை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து ஊற்றும்போது பயமெல்லாம் விட்டுப்போயிருந்தது. தனக்கே தெரியாமல் யாரோ தனக்குள் ஒரு வீடு கட்டிக் குடியிருப்பதுபோல இருந்தது அவளுக்கு.

சபீதா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் லைன் கிடைத்தது. "ஏட்டி, நீயா? நீயா செஞ்சே? பயமா இல்லியா?" என்றாள் ஃபர்ஹத்.

"பயந்தேன். ஆனா கை அது பாட்டுக்குச் செஞ்சுது. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தஸ்மியாவுக்குத் தெரிந்தது. அவள் அழுது தஸ்மியா கேட்டதேயில்லை.

மார்கழியில் ஒரு விடிகாலை. ஃபர்ஹத் ஊரில்தான் இருந்தாள். ஆனாலும் மௌத்து வீட்டிலிருந்து வந்தவர்கள் தட்டியது தஸ்மியாவின் கதவை. அவள் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.